59,000 ரூபாய்க்கு வாங்கிய 37 தொலைபேசி அழைப்புகள்

நேற்று மாலை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கணக்கிலிருந்து 11,800 ரூபாய் எடுக்கப்பட்டது. மூன்றாவது முறை. முதலில் கட்டியதையும் சேர்த்து இதோடு மொத்தம் 59,000 ரூபாய் போய்விட்டது. இரவு முழுவதும் தூக்கமில்லை. சிறிய கார் டீடெய்லிங் கடை வைத்திருப்பவர்கள் எந்த விளம்பரத்தில் பணம் போடலாம், எதில் போடக் கூடாது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் விடியற்காலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் நிதானமாக எழுத வருகிறது என்று பார்க்கலாம்.

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில்தான். நானும் ஒரு பையனும் வேலை செய்கிறோம். முதலில் சாதாரண வாட்டர் வாஷ் மட்டும்தான். 2024 மார்ச்சில் இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. எங்கள் போர்வெல்லும் வற்றியது. டேங்கர்காரர் சொன்னதுதான் விலை. இனித் தண்ணீரை நம்பிப் பிழைக்க முடியாது என்றுதான் டீடெய்லிங் பக்கம் வந்தேன். கீறல் எடுப்பது, பாலிஷ், பெயின்ட்டின் மேல் பாதுகாப்புப் பூச்சாகப் போடும் செராமிக் கோட்டிங், உள்ளே இருக்கைகளைச் சுத்தம் செய்வது. உழைப்பு அதிகம், தண்ணீர் குறைவு. ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு என் ஷெட் இன்னும் கார் கழுவும் இடம்தான். 400 ரூபாய்க்குக் கழுவ வந்தவரிடம் 18,000 ரூபாய் கோட்டிங் பற்றிப் பேச்செடுத்தால், வழிப்பறிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

விளம்பரம் இல்லாமல் ஆகாது என்று தோன்றியது. ஃப்ளெக்ஸ் கட்ட முடியாது. 2018-ல் உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கண்டித்ததிலிருந்து இங்கே ஃப்ளெக்ஸுக்குத் தடை. (பிறந்தநாள் கொண்டாடும் அரசியல்வாதிகளுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது போலிருக்கிறது.) 2,000 துண்டுப் பிரசுரம் அடித்துச் செய்தித்தாளுக்குள் வைக்கச் சொன்னேன். நான்கு பேர் வந்தார்கள். ஆடி மாதம், போதாததற்கு மழை. ஷெட் காலியாகக் கிடந்த அந்த வாரத்தில்தான் அவன் வந்து நின்றான்.

எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று மக்களுக்குத் தேடிக் கொடுத்து, தேடியவரின் எண்ணைக் கடைக்காரருக்கு விற்கிற இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. பெயரைச் சொல்லவில்லை. இருக்கிற தொல்லை போதும், வக்கீல் நோட்டீஸ் வேறு வேண்டாம். வயது இருபத்தைந்து இருக்கும். கன்னடத்தில் பேச்சை ஆரம்பித்தவன், நான் பையனைத் தமிழில் அதட்டியதைக் கேட்டதும், "அண்ணா, நம் ஊர்ப் பக்கமா?" என்றான். போளூர் என்றேன். "நான் ஆரணி அண்ணா." நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். அன்று காலைதான் ஒரு கறுப்பு ஹோண்டா சிட்டியை முடித்து நிறுத்தியிருந்தேன். அவன் அதனருகே போய், கைபேசி டார்ச்சை பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, கண்ணைத் தாழ்த்தி ஓரமாகப் பார்த்தான். "ஒரு சுழல் கோடுகூட இல்லையே அண்ணா. யாரிடம் தொழில் கற்றீர்கள்?" என்றான். கறுப்பு வண்டியில் சுழல் கோடு, அதாவது கழுவித் துடைக்கும்போது வட்டவட்டமாக விழும் மெல்லிய கீறல், எடுப்பது என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். வண்டியின் சொந்தக்காரரே அப்படி டார்ச் அடித்துப் பார்த்ததில்லை. முந்தின இரவு ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பான் என்று இப்போது புத்திக்கு எட்டுகிறது. அன்று உச்சி குளிர்ந்துவிட்டது.

திட்டம் 20,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 23,600. மாதம் 40 லீட் வரும், அதாவது கார் வேலைக்கு ஆள் தேடுகிற 40 பேரின் அழைப்பு. "மூன்று மாதத்துக்கும் இவ்வளவுதான் அண்ணா. பிடித்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்." எழுதித் தருவாயா என்று கேட்டேன். "நமக்குள் எழுத்தா அண்ணா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஸ்டீம் மெஷினுக்கு முன்பணமாக எடுத்து வைத்திருந்த தொகையிலிருந்து 23,600 அனுப்பினேன். பிறகு மறுபடி பாலிஷ் வேலையில் இறங்கிவிட்டேன். அப்போது ஓ.டி.பி. ஒன்று வந்தது. கையெல்லாம் பசை. "பதிவுக்குத்தான் அண்ணா, நீங்கள் கையைக் கழுவ வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று என் கைபேசியை எடுத்துப் படித்து, தன் டேப்லெட்டில் போட்டுக்கொண்டான். அது பதிவுக்கான ஓ.டி.பி. அல்ல. மாதம் 11,800 ரூபாய் வீதம் மூன்று மாதம் என் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள நான் கொடுத்த ஒப்புதல். குறுஞ்செய்தியில் அது தெளிவாகவே எழுதியிருக்கிறது. முதல் தவணை போன பிறகுதான் படித்தேன்.

சரி, போன பணத்துக்கு வேலையாவது வந்ததா? கடன் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அழைப்பையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு 120 சொன்னார்கள், வந்தது 37. முதல் அழைப்பு: "சார், 2015 ஸ்விஃப்ட் இருக்கிறது, என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" தவறான எண் என்றேன். அடுத்தவர் பழைய இன்னோவா கேட்டார். நான்காவது ஆளிடம்தான் கேட்டேன், ஐயா, என்னை எந்தத் தலைப்பின் கீழே பார்த்தீர்கள் என்று. பழைய கார் வாங்க, விற்க என்றார்! டீடெய்லிங்கை டீலிங் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். அப்படி வந்தவை மட்டும் 14. எட்டுப் பேர் உண்மையாகவே கோட்டிங் வேண்டியவர்கள்தான். ஆனால் "காலையிலிருந்து நீங்கள் நான்காவது ஆள், ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம்" என்றார்கள். ஒரே எண்ணை நான்கு கடைக்கு விற்றிருக்கிறார்கள். ஐந்து அழைப்பு மைசூரு, ஹுப்பள்ளி என்று வெளியூரிலிருந்து. நான்கு பேருக்குத் தினமும் காலையில் அடுக்ககத்துக்கு வந்து வண்டி துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். நான்கு பேர் எனக்கே ஷாம்பு கேன் விற்கப் பார்த்தார்கள். மீதி இரண்டு பேர் வந்தார்கள்: ஓர் ஆல்டோ வாஷ் 500, ஒரு வண்டியின் இருக்கை சுத்தம் 1,800. ஆக 2,300 ரூபாய் வரவு. செலவு 59,000.

ஆரணித் தம்பியை அழைத்தேன். முதல் வாரம் "பார்க்கிறேன் அண்ணா". இரண்டாம் வாரம் "டீம் மாறிவிட்டேன் அண்ணா". அப்புறம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் புகார் எண் கொடுத்து 72 மணி நேரம் பொறுங்கள் என்பார்கள். 73-ஆவது மணி நேரத்தில் புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும். தலைப்பை மாற்றவே ஐந்து வாரம் ஆனது. ஒப்புதலை ரத்து செய்யுங்கள் என்றால், "ஆயுத பூஜை வருகிறது சார், இப்போது விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்கள். ஆயுத பூஜைக்குக் கூட்டம் வந்தது உண்மைதான். எல்லாம் என் பழைய வாடிக்கையாளர்கள்.

ஒருநாள் ஷெட்டைப் பூட்டிவிட்டு வெளிவட்டச் சாலையில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடிக் கட்டடம். பெயர், எண், வந்த நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு 50 நிமிடம் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் வந்து தண்ணீர் கொடுத்து, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். பிறகு வந்த மேற்பார்வையாளர், நான் எடுத்திருப்பது அடிமட்டத் திட்டம் என்றும், இன்னும் 30,000 கட்டினால் ஒரு லீட் ஒரே கடைக்குப் போகும் திட்டத்துக்கு மாற்றலாம் என்றும் சொன்னார். கூசாமல் சொன்னார். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பாது என்று இருப்பதையும் விரல் வைத்துக் காட்டினார். எழுத்து எதற்கு என்று அந்தத் தம்பி கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

விளம்பரம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ஒழுங்காக எழுதக் கை வரவில்லை, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவது இலவசம். பணம் கட்டாவிட்டால் கடை மறைந்துவிடும் என்று யாராவது அழைத்தால் உடனே துண்டியுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனம் மொத்தமாகப் போட்டுத் தருகிறோம் என்பவனையும் நம்ப வேண்டாம். இணையத்தில் விளம்பரம் போட்டே ஆக வேண்டும் என்றால் நீங்களே போடுங்கள், ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றளவை மட்டும் வைத்து, நாளுக்கு 200, 300 ரூபாயில். எனக்கு உருப்படியாகப் பலன் கொடுத்தது ஒன்றே ஒன்று: ஹொரமாவில் ஓர் அடுக்ககத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கச் செயலாளரின் கிரெட்டா பானெட்டின் நடுவே டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்து காட்டினேன். பால் வாங்க இறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்று கோட்டிங் வேலை கிடைத்தது. டேப்புக்கு 60 ரூபாய் செலவு. என் மனைவி இதை ஆடியிலேயே சொன்னாள், கேட்டேனா?

ஓ.டி.பி. வந்தால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு முழுச் செய்தியையும் நீங்களே படியுங்கள். பணம் அனுப்பும் செயலியில் தானியங்கிப் பிடித்தம் என்று ஒரு பகுதி இருக்கும், இன்றே திறந்து பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். வங்கி வழியாகக் கொடுத்த ஒப்புதல் என்றால் நேரில் போய் எழுதிக் கொடுங்கள், நான் மூன்று தவணை வரைக்கும் தூங்கியதுபோல் தூங்க வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உங்கள் வேலையைப் பாராட்டுகிற ஒரு தம்பி வந்தால் தேநீர் கொடுங்கள், கைபேசியைக் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வங்கியில் 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போன 59,000-ல் கடைசி 11,800-ஆவது திரும்புமா என்று கேட்கப் போகிறேன்.