ஸ்பிட்ஃபயரின் பைபர் கூரையும் என் வலது காதும்

குடியாத்தத்தில் ஒரு தம்பி மேல்கூரை கழற்றிய பழைய ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். போன வாரம் போன் செய்து, “இன்னாண்ணா, பைபர்ல டாப் போட்டீங்களே, எப்படி இருக்குது? நானும் போட்டுக்கலாமா?” என்று கேட்டார். என் ஸ்பிட்ஃபயர் காருக்குக் கண்ணாடி இழையில், அதாவது ஃபைபர்கிளாஸில், கூரை போட்டதைத்தான் கேட்டார். நல்லவிதமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். வலது பக்க மூலை பற்றிப் பேச்சு வந்ததும் குரல் ஏறிவிட்டது. தம்பி பயந்துபோய், “சரிண்ணா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். எழுத்தில் என்றால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம். முயற்சி செய்கிறேன்.

வண்டி 1965 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 2. இன்ஜின், கியர்பாக்ஸ் கதையெல்லாம் இங்கே வேண்டாம். இந்த வண்டியைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு அதெல்லாம் மனப்பாடம். கூரைக் கதைக்குத் தேவையானது ஒன்றுதான். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியை வைத்த வண்டி இது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு தயாரித்த புண்ணியத்தில், முன்சக்கரத்து டிரன்னியன், புஷ் மாதிரியான பாகங்கள் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தால் இன்றும் அகப்படும். கூரை அகப்படாது. டிரையம்ப் கம்பெனி அந்தக் காலத்திலேயே இரும்பில் ஒரு ஹார்டு டாப் விற்றது உண்மைதான். ஆனால் அதில் ஒன்றை இங்கிலாந்தில் பிடித்து, கப்பல் கூலி கொடுத்து, சுங்கமும் கட்டி வேலூர் கொண்டுவரும் காசில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யலாம்.

மார்க் 2இன் துணிக் கூரை, மடித்து வைத்து இழுத்துவிடும் ரகம் இல்லை. கம்பிகளை டிக்கியிலிருந்து எடுத்துச் செருகி, மேலே துணியை இழுத்து, பட்டன் பட்டனாக மாட்ட வேண்டும். மடக்குகிற கூரை மார்க் 3இல்தான் வந்தது. பள்ளிகொண்டா தாண்டி மழை பிடித்தால், மாட்டி முடிப்பதற்குள் சீட்டில் தண்ணீர் தேங்கிவிடும். மழையாவது வருடத்தில் சில வாரம். வெயில்தான் எங்கள் ஊர்ச் சொத்து. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 107, 108 டிகிரி என்று செய்தியில் வாசிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கறுப்புத் துணிக்கு அடியில் உட்கார்ந்து காட்பாடி ரயில்வே பாலத்து நெரிசலில் நிற்பவனுக்கு அந்தப் பெருமை இருக்காது.

அதனால்தான் பைபர். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஆசிட் தொட்டிகளுக்கு பைபர் லைனிங் போடுகிற மேஸ்திரி ஒருவர் கிடைத்தார். கார் வேலை செய்ததே இல்லை. “தொட்டிக்குள்ள ஆசிட் நிக்கும், இதுக்குள்ள நீங்க நிக்கப் போறீங்க, அவ்ளோதான்” என்றார். அவர் கைவேலையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடும்.

செய்முறையை விரித்து எழுதப் போவதில்லை. கதவுகளை மூடி, பக்கக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, வண்டியின் மேலேயே தெர்மாகோலில் உருவம் செதுக்கினோம். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து ஒழுகிவிடும், அதனால் மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசித் தேய்த்து, மெழுகு போட்டு, அதன் மேல்தான் மோல்டு எடுத்தார். கூரையில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு, விளிம்பில் இன்னும் இரண்டு. தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்குள் அடங்கும். வேலையெல்லாம் விடிவதற்கு முன்பு. எங்கள் ஊர் கோடையில் பத்து மணிக்கு ரெசினைக் கலக்கினால், பிரஷ்ஷைத் தொட்டு எடுப்பதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகை விடும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கோபால்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

பின் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட். அக்ரிலிக் மலிவு, ஆனால் திருகு போடும் ஓட்டையிலிருந்து விரிசல் விடும். பாலிகார்பனேட்டுக்கு வேறு குணம். ஒரு மீட்டர் அகலத் தகடு, மார்கழி விடியலுக்கும் மே மாத மத்தியானத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் நீளும். ஓட்டைகளைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, திருகுகளை இறுக்காமல் விட்டோம். இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

இப்போது பாராட்டு. வெளியே வெள்ளை ஜெல் கோட் என்கிற மேல்பூச்சு, உள்ளே ஃபோம் ஒட்டிய லைனிங். மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஆற்காடு போய் வர முடிகிறது. முன்பு அதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். முதல் கோடையில் வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்தால் ரெசினின் ஸ்டைரீன் வாடை குப்பென்று அடிக்கும். அடுத்த கோடையில் அது போய்விட்டது. ஹைவேயில் 80இல் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது. பின்னால் வரும் ஆம்னி பஸ் கண்ணாடியில் முழுசாகத் தெரிகிறது. துணிக் கூரையின் மஞ்சளித்த பிளாஸ்டிக் ஜன்னலில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். காட்பாடி ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டுப் போனாலும், யாராவது பிளேடு போடுவார்களோ என்ற பயம் இல்லை. முன்னால் இரண்டு இழுப்புக் கொக்கி, லாரி பேட்டரிப் பெட்டிக்குப் போடுகிற ரகம். பின்னால் மூன்று போல்ட். இரண்டு பேர் இருந்தால் டீ ஆறுவதற்குள் கழற்றிவிடலாம். ஒருவனாகக் கழற்ற முடியாது. கனம் பெரிதில்லை, அகலம்தான் பிடிக்க வராது.

சரி, அந்த மூலைக்கு வருவோம்.

ஓட்டுபவரின் தலைக்கு வலது பக்கம், முன் கண்ணாடிச் சட்டமும் கூரையும் பக்கக் கண்ணாடியும் ஒன்று சேரும் இடம். அங்கிருந்து ஒரு சத்தம். ஹைவேயில் வராது. 40க்கு மேல் நல்ல ரோட்டில் வரவே வராது. ஊருக்குள், மெதுவாக, பள்ளம் மேடு ஏறி இறங்கும்போது மட்டும் வரும். அதிலும் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் வராது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் வரும். கிறீ...ச் என்று இழுத்து, முடிவில் ஒரு டிக். பழைய கயிற்றுக் கட்டிலில் கனத்த ஆள் புரண்டு படுத்த மாதிரி. என் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகக் கேட்பதுகூட இல்லை, “எங்க சத்தம்?” என்பார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

காரணம் தெரியாமல் இல்லை. ஸ்பிட்ஃபயரின் பலம் சேஸிஸிலும், கதவுக்கு அடியில் ஓடும் பாடியின் சில்லிலும். பாடி திறந்த தொட்டி, மேலே கட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் முறுக்கினால் முறுகும். அப்படி முறுகுவதுதான் அதன் இயல்பு, அறுபது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பைபர் கூரையோ விளிம்பு மடித்த பெட்டி, வளையவே வளையாது. முன்னால் கண்ணாடிச் சட்டத்தையும் பின்னால் டிக்கிப் பக்க மேட்டுப் பகுதியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் நடக்கிற ஆட்டத்தையெல்லாம் தடுக்கப் பார்க்கிறது. எங்காவது தேய்ந்துதானே ஆக வேண்டும்? ஒரு நாள் வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தேன். வலது மூலையில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டைக்கு, அதாவது பீடிங்குக்கு, அடியில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகினேன். வண்டி சமமாக நிற்கும்போது டிக்கெட்டை இழுத்தால் கிழிகிறது. பின்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் அதே டிக்கெட் தானாக வழுக்கி மடியில் விழுந்தது. கதவையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தேன். பூட்டு முன்பு மாதிரி படியவில்லை. அவ்வளவு ஆடுகிறது.

தெரிந்து என்ன பிரயோஜனம்? டால்கம் பவுடர் போட்டேன். ஒரு வாரம் நின்றது, கோட்டுச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. சிலிகான் கிரீஸ் அதைவிட நாள் தாங்கியது, ஆனால் ஊர்த் தூசியெல்லாம் அதில் ஒட்டி எமரி பேப்பராக மாறிப் பெயின்ட்டைத் தின்ன ஆரம்பித்தது. பேரணாம்பட்டில் தோல் மண்டியில் இருக்கும் சொந்தக்காரர் மெல்லிய ஆட்டுத்தோல் பட்டை கொடுத்தார். மெத்தென்று அற்புதமாக இருந்தது, சித்திரை வரை. வெயிலில் காய்ந்ததும் தோலே கத்த ஆரம்பித்துவிட்டது. புதுச் செருப்பு போட்டவர்களுக்குத் தெரியும்.

சென்னையில் ஒரு கடையில், அசல் இபிடிஎம் ரப்பர், பத்து வருஷம் வரும் சார் என்று பீடிங் விற்றார்கள். அடுத்த கோடைக்குள் அது விரலால் அமுக்கினால் அமுங்காத பதத்துக்கு இறுகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், “வேலூரா? அந்த வெயிலுக்கு எதுவும் நிக்காது சார்” என்கிறார். வெயிலுக்குத்தானே ஐயா ரப்பரே வாங்கினோம்?

இதில் ஒரு வேடிக்கை. மழை பெய்தால் சத்தம் நின்றுவிடும். முழுக்க. தண்ணீர் பட்ட ரப்பர் வழுக்கிக்கொண்டு போகிறது, உரசல் இல்லை. ஐப்பசி அடைமழையில் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களில் விழுந்து எழுந்து போகும்போது வண்டிக்குள் அப்படி ஒரு அமைதி. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். ஒரு சொட்டு உள்ளே வராது. அந்த நேரத்தில் இந்தக் கூரையைப் பற்றி என்னிடம் கேட்டால் வாயார வாழ்த்துவேன். அதனால் கோடையில் கதவுப் பையில் ஈரத்துணி ஒன்று இருக்கிறது. ஊருக்குள் நுழையும் முன் அந்த மூலையை ஒரு துடை துடைத்தால் கிரீன் சர்க்கிள் தாண்டும் வரை தாங்கும். அறுபது வயசு ஸ்போர்ட்ஸ் காருக்கு முகம் துடைத்துவிடும் ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இந்த வருடம் பின் வலது போல்ட் ஓட்டையைச் சுற்றி ஜெல் கோட்டில் நட்சத்திர விரிசல் வந்தது. ஏலகிரி போய் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் பாடிக்கு என்ன முறுக்கு கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேஸ்திரி விரிசலைக் குடைந்து எடுத்து, மேட் வைத்து மறுபடி அடைத்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. போல்ட்டை நேராக இறுக்காமல், பைக் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைக்கிற ரப்பரை மேலும் கீழும் கொடுத்து, நடுவில் ஒரு குழாய்த் துண்டு வைத்தார். போல்ட் குழாயை மட்டும் இறுக்கும், கூரை ரப்பரில் மிதக்கும். “தொட்டியையே நாங்க அப்டி இறுக்கிக் கட்ட மாட்டோம் சார்” என்று அப்போதுதான் சொல்கிறார்! முதலில் சொல்லியிருக்கலாம். கேட்டால் சிரிக்கிறார்.

ரப்பர் வைத்த பிறகு சத்தம் பாதியாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால் பாதிக்கும் கீழே. டிக் போய்விட்டது, இழுக்கிற கிறீச் மட்டும் மிச்சம். ஆனால் கூரை இப்போது கொஞ்சம் மேலே நிற்பதால், தண்ணீர் வேகமாக அடித்தால் அதே மூலையில் ஒரு முத்து எட்டிப் பார்க்கிறது. சர்வீஸ் கடையில் வண்டியைக் கழுவிவிட்டு வந்தால் வலது முழங்காலில் ஒரு சொட்டு. மழைக்காலம் இனிமேல்தான்.

செலவு நாற்பதாயிரத்தைத் தொட்டது, பீடிங் சோதனைகளைச் சேர்க்காமல். நிழல், அமைதி, பாதுகாப்பு, பார்வை எல்லாவற்றுக்கும் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். இருந்தும் வேறொருவர் வந்து செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. காலையில் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இன்று மத்தியானம் ஆரணி ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிற இடமாகப் பார்த்து வந்தேன்.

தம்பிக்குத் தனியாக ஒன்று. உன்னுடையது ஹெரால்டு. அதன் கூரை கம்பெனியிலிருந்தே போல்ட் போட்டுப் பொருத்தியதுதான். கழற்றியவர்கள் அந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருந்தால் இன்னும் இருக்கும். நான்கு பேர் உட்காரும் நீளத்துக்கு பைபர் போட்டால் சத்தம் என்னுடையதைவிடக் கூடத்தான் வரும். எங்காவது ஷெட்டில் செத்துக்கிடக்கும் இரண்டு கதவு ஹெரால்டின் இரும்புக் கூரையைப் பிடித்து மாட்டப் பார். மோல்டு மேஸ்திரி வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் கிடக்கிறது. ஸ்பிட்ஃபயர்காரர் யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். உன் வண்டிக்கு அது பொருந்தாது, அளந்து பார்க்கிறேன் என்று ராணிப்பேட்டைக்குக் கிளம்பிவிடாதே.