முழு முகவரியா, சார்பு முகவரியா?

இணையப் பக்கத்தில் இணைப்பு (லிங்க்) கொடுக்கும்போது, ஹெச்டிடிபிஎஸ் (https://) என்று தொடங்கி டொமைன் பெயரோடு, அதாவது தளத்தின் பெயரோடு, எழுதினால் அது முழு முகவரி. டொமைனை விட்டுப் பாதையை மட்டும் எழுதினால் சார்பு முகவரி.

தளத்துக்குள்ளேயே கொடுக்கும் இணைப்புகளுக்குச் சார்பு முகவரிதான் நல்லது. சோதனைத் தளத்தில் செய்ததை நேரலைக்கு மாற்றும்போது எதையும் திருத்த வேண்டாம். முழு முகவரி எழுதியிருந்தால், சோதனை டொமைன் எங்காவது ஒட்டிக்கொண்டே வரும். பார்வையாளர் கிளிக் செய்த பிறகுதான் தெரியும்.

ஆனால் சார்பு முகவரி இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். '/சேவை/' என்ற பக்கத்தில் 'விலை' என்று இணைப்புக் கொடுத்தால் உலாவி '/சேவை/விலை'க்குப் போகும். அதே பக்கம் கடைசிச் சாய்கோடு இல்லாமல் '/சேவை' என்று திறந்தால் '/விலை'யைத் தேடி 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழையைக் காட்டும். இந்த ஒரு கோட்டால் கோளாறு வரும். முன்னால் சாய்கோடு போட்டு '/சேவை/விலை' என்றே எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உலாவி டொமைனின் வேரிலிருந்து, அதாவது டொமைன் பெயருக்கு அடுத்த முதல் சாய்கோட்டிலிருந்து, கணக்கிடும். தளம் துணைக்கோப்புறையில் இருந்தால் மட்டும் அந்தக் கோப்புறையின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

மின்னஞ்சல், ஆர்எஸ்எஸ் ஓடை (தளத்தின் புதிய பதிவுகளைப் பிற செயலிகளுக்குத் தரும் கோப்பு), சைட்மேப் (தேடுபொறிகளுக்கான பக்கப் பட்டியல்) ஆகியவற்றில் முழு முகவரி கட்டாயம். மின்னஞ்சலில் 'எதைச் சார்ந்து' என்று கணக்கிட அடிப்படைப் பக்கமே கிடையாது.

எதை எழுதினாலும் பெரிய, சிறிய எழுத்தைக் கவனியுங்கள். அது மாறியிருந்தால், விண்டோஸ் கணினியில் திறக்கும் கோப்பு லினக்ஸ் சர்வரில் பொதுவாகத் திறக்காது.