முப்பது விநாடிக் கிறுக்கலா, நிதானமான கோடா?

கைவரைவு பழக நான் மாறி மாறிச் செய்து பார்த்த பயிற்சிகள் இரண்டு. ஒன்று வேகவரைவு: 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் ஆள் நிற்கும் தோரணையைப் பிடிப்பது. மற்றது விளிம்புக்கோடு: தாளைப் பார்க்காமலே, எதிரே இருக்கும் பொருளின் விளிம்பை மட்டும் பார்த்துக் கோடு இழுப்பது. நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் இரண்டையுமே மாணவர்களுக்குக் கொடுத்தார்.

வேகவரைவில் மூக்கு, விரல் எதற்கும் நேரமில்லை. எடை எந்தக் காலில் இறங்குகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். இதை மட்டுமே செய்தால் கை ஒரே மாதிரி வளைவுகளைப் போட்டுத் தப்பிக்கப் பழகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

விளிம்புக்கோடு நேரெதிர். உங்கள் இடது கையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் எறும்பு மாதிரி விளிம்பில் ஊர, பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். கட்டைவிரல் மடிப்பில் கோடு உள்ளே புகுந்து மறையும் இடத்தில் பொறுமை போய்விடும். கடைசியில் தாளில் கிடப்பது ஏதோ நசுங்கிய கையுறை. இருக்கட்டும், பயிற்சி கண்ணுக்குத்தானே.

புதிதாகத் தொடங்குபவருக்கு விளிம்புக்கோட்டைத்தான் சொல்வேன். மனதில் பதிந்த பொம்மைக் கையை மறந்து, எதிரே இருக்கும் கையைப் பார்க்க வைக்கும். ஏற்கெனவே வரைபவரின் உருவங்கள் மரக்கட்டை போல விறைத்து நின்றால், வேகவரைவு.