தொளிக்கும் வாழைக்கும் ஒரே வண்டி: சிறிய டிராக்டர்களை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. களக்காட்டுக்குப் போகும் வழியில், மாமனார் வீட்டுப் பங்காக வந்த இரண்டு ஏக்கரில் ஏத்தன் வாழை நிற்கிறது. ஐந்து ஏக்கருக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்பவர்கள், கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்த மறுநாள் உழவு வண்டிக்காரர் வீட்டு வாசலில் காத்து நின்றிருக்க மாட்டார்கள். ஜூன் மாதத்தில் தண்ணீர் வந்துவிட்டால் கால்வாய் நெடுகிலும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தொளி அடிக்க, அதாவது தண்ணீர் கட்டிய வயலைச் சேறாக உழ வேண்டும். 45 குதிரைத்திறன் வண்டி வைத்திருப்பவர் பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் நம் துண்டு வயலுக்குத் திரும்புவார், அதற்குள் நாற்று முற்றிப்போகும். வாழைக்குள் அந்த வண்டி நுழையவே நுழையாது.

ஆகவே சென்ற பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த கையோடு 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினேன். மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் ஏ211என், வி.எஸ்.டி. 224, ஸ்வராஜ் 717 ஆகிய நான்கையும் ஏதாவது ஒரு வயலில் ஓட்டிப் பார்த்தேன். மகிந்திராவின் ஓஜா 2121, ஜான் டீர் 3028 இரண்டையும் கடையில் மட்டும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் நான் வாங்கியது குபோட்டா. என் சித்தப்பா மகன், சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் விவசாயம் செய்பவன், அதே மாதத்தில் ஜிவோ 245 வாங்கினான். இரண்டு பேருமே சரியான வண்டியைத்தான் வாங்கினோம் என்பது என் எண்ணம். அது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விற்பனையாளர்கள் முதலில் சொல்வது குதிரைத்திறன் கணக்கு. அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையைச் சுழற்றுவதற்குக் கிடைப்பது எஞ்சினின் முழுத்திறன் அல்ல, பின்னால் பூட்டிய கருவியை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு வரை வந்து சேரும் திறன் மட்டுமே. ஏ211என் 21 குதிரைத்திறன் என்றாலும் பி.டி.ஓ.வில் கிடைப்பது 15.4, ஜிவோ 245இன் 24இல் பி.டி.ஓ.வுக்கு 22 வந்து சேர்கிறது. எஞ்சின் எண்ணில் மூன்று வித்தியாசம், பி.டி.ஓ. எண்ணில் ஆறரை. எஞ்சின்களின் குணமும் வேறு. ஜிவோவுக்கு இரண்டு சிலிண்டர், 1366 சிசி. குபோட்டாவுக்கு மூன்று சிலிண்டர், 1001 சிசி. முன்னது நிமிடத்துக்கு 2300 சுற்றிலும் பின்னது 2600 சுற்றிலும் தன் முழுத்திறனைத் தருகின்றன. காய்ந்த கரிசலில் கொழு இறங்கி வண்டி திணறும் இடத்தில், பெரிய சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சின் சுற்றுக் குறைந்தாலும் விடாமல் இழுக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைந்து மென்மையாக ஓடும். ஆறு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அந்த மென்மை சிறிய விஷயமல்ல, குறிப்பாக முதுகுவலி உள்ளவருக்கு.

என் முடிவை மாற்றியது வாழைதான். ஏத்தனுக்கு எங்கள் பக்கம் ஆறடிக்கு ஆறடி, அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர் இடைவெளி விடுகிறோம். ஆறடிக்குள் மூன்றரை அடி வண்டி தாராளமாகப் போய்விடும் என்று தாளில் கணக்குப் போட்டுத்தான் நானும் கிளம்பினேன். தோட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தபோதுதான், வாழை தண்டளவில் மட்டும் இடத்தை அடைத்துக்கொள்வதில்லை என்பது உறைத்தது. நட்ட மூன்றாம் மாதத்துக்குப் பிறகு இலைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் கைகோத்துக்கொள்கின்றன; பக்கக்கன்று ஒரு சாண் வெளியே தலைநீட்டுகிறது; மண் அணைத்த மேடு சக்கரத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. அதனால் உண்மையில் நமக்குக் கிடைக்கும் வழி நான்கடி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கடிக்குள் வண்டியின் அகலம், ரோட்டவேட்டரின் அகலம், ஓட்டுபவரின் கை நடுக்கம் மூன்றும் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு வெளி விளிம்பு வரை மூன்று அடியை ஒட்டி நிற்கும் வண்டிகள்தான் தேறும். ஏ211என் வண்டியில் பழத்தோட்டத்துக்கென்றே குறுகலாக வரும் வகையும், சக்கரங்களை உள்ளே தள்ளிப் பூட்டிய ஜிவோவும் இந்த அளவுக்குள் வருகின்றன. விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அகலம் இரு சக்கரங்களின் நடுக்கோட்டுக்கு இடைப்பட்ட அளவாக இருக்கலாம். டயரின் தடிமனை அதனுடன் கூட்டிக்கொள்ள மறந்தால் ஏழெட்டு அங்குலம் தவறிப்போகும். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதே நல்லது. விற்பனையாளர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அகலத்தைப் போலவே உயரத்தையும் பார்க்க வேண்டும். எஞ்சின் மூடியின் மேல் செங்குத்தாக நிற்கும் புகைக்குழாய், பக்கத்து இலையைக் கிழிப்பதோடு சூட்டில் கருக்கியும் விடும். தோட்டத்துக்கென்று வடிவமைத்த வகைகளில் புகைக்குழாயைக் கீழ்நோக்கித் திருப்பியிருப்பார்கள். அதே பெயரில் அதே திறனில் மேல்நோக்கிய குழாயுடனும் வண்டி விற்கப்படுவதால், ஒப்பந்தத்தில் எந்த வகை என்பதை முழுப்பெயருடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏத்தனில் இலை கிழிந்தால் காய் திரட்சி குறையும் என்பதை வாழைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஒன்றை மட்டும் கவனிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு பட்டறையில் குழாயை வெட்டி வளைத்துக்கொண்டவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தொளி. வாழையில் பார்த்து வியந்த வண்டி தொளியில் நம்மை அழவைக்கலாம். நஞ்சையில் எடைதான் முதல் எதிரி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பல வயல்களுக்கு அடிக்களி, அதாவது சேற்றுக்கு அடியில் சக்கரத்தைத் தாங்கும் கெட்டி மண், ஆழத்தில் இருக்கிறது. கனமான வண்டி அச்சு வரை இறங்கிவிட்டால் அதை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும், இரண்டுமாகச் சேர்ந்து வரப்பையும் உடைக்கும். நான் ஓட்டிப் பார்த்தவற்றில் குபோட்டா இலகுவானது. பின் சக்கரத்தோடு, சேற்றில் புதையாமலிருக்க உதவும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் பூட்டி, நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டு இறக்கியபோது, மூலையில் திரும்பும் இடத்தில்கூட முன் சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டு வழுக்காமல் தானே இழுத்துத் திரும்பியது. அதன் முன் அச்சில் வெளியே தெரியும் இணைப்புகளுக்குப் பதிலாக மூடிய பெவல் கியர் அமைப்பு இருக்கிறது. அதனால் திருப்பமும் குறுகலாக வருகிறது, சேற்றுநீர் உள்ளே போகவும் வாய்ப்புக் குறைகிறது. இரு சக்கர இயக்க வண்டியைத் தொளிக்கென்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஸ்வராஜ் 717 பற்றிச் சொல்ல வேண்டியது அதனால் குறைவு. 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், இரு சக்கர இயக்கம். விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. முருங்கைத் தோட்டத்தில் களை ஓட்டவும் மருந்து தெளிக்கவும் சின்ன டிரெய்லரில் உரம் ஏற்றவும் அது போதும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரர்கள் அதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆடிக் காற்றில் அங்கே கிளம்பும் தூசிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யும் பழக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

வி.எஸ்.டி. 224 எனக்குப் பிடித்துப்போன வண்டி. 22 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். ஜப்பானிய மிட்சுபிஷி வடிவமைப்பின் வழி வந்தது, நம் ஓசூரிலேயே அந்த நிறுவனத்துக்கு டிராக்டர் ஆலை இருக்கிறது. இதன் பெரிய பலம் வண்டிக்கு வெளியே இருக்கிறது: நெல்லைச் சீமையில் பவர் டில்லர் பழுது பார்ப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் பெயர் இருபது முப்பது ஆண்டுப் பழக்கம். நான் அதை விட்டதற்குக் காரணம், என் தேவைக்குக் கியர்கள் போதவில்லை என்பதுதான். குபோட்டாவில் முன்னோக்கி 9, ஜிவோவில் 8 கியர்கள் இருக்கும்போது, தொளிக்கு ஒரு வேகமும் வாழைக்கு இன்னொரு வேகமும் தேடுகிற எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. நெல் மட்டுமே போடுகிறவருக்கு இது குறையாகவே தெரியாது.

ஓஜா 2121 புதுத் தலைமுறை வண்டி. 2023 ஆகஸ்டில் அறிமுகமான அந்த வரிசையில், ஒரு நெம்புகோலால் முன்னும் பின்னும் மாறலாம், கியர்கள் முன்னோக்கி 12, பின்னோக்கி 12. துண்டு வயலில் நிமிடத்துக்கு ஒருமுறை பின்வாங்க வேண்டியவருக்கு இது பெரிய வசதி. நான் போன நேரத்தில் ஓட்டிப் பார்க்க வண்டி கிடைக்காததால் அதற்கு மேல் பேசுவது முறையல்ல. ஜான் டீர் 3028 கட்டுமானத்தில் கம்பீரம். ஆனால் 28 குதிரைத்திறனும் அதற்கான விலையும் பத்துப் பதினைந்து ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவருக்கே பொருந்தும்.

பழுது பார்ப்பைப் பற்றி ஒரு வருத்தமான செய்தி. எங்கள் ஊரில் ஒருவர் வாங்கிய வண்டியில், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், பிசான நடவுக்கு நடுவில் ஓர் ஆயில் சீல் போயிற்று. சில நூறு ரூபாய்ப் பொருள். கடைக்காரர் இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வாரம் ஓட்டிவிட்டார். வண்டி வரப்போரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது, அவர் வாடகை வண்டி பிடித்து நடவை முடித்தார். அதன் பிறகு நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் உதிரிபாகம் வைத்திருக்கும் அறையைத்தான் காட்டச் சொன்னேன். கிளட்ச் தட்டு, ஆயில் சீல், வடிகட்டிகள், முன் அச்சுக்கான பொருள்கள் இவை அலமாரியில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தேன். இரண்டு கடைகளில் அந்த அறையின் சாவி கிடைக்கவில்லை.

மானியத்தைப் பொறுத்தவரை, வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி ஆணை, அதற்குப் பிறகே கொள்முதல் என்பதுதான் வரிசை. முதலில் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், மானியத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று ஒரு கடையில் என்னிடம் தேனொழுகப் பேசினார்கள். அந்தக் கடையின் பக்கம் பிறகு நான் போகவில்லை. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆதலால் பக்கத்து வீட்டுக்காரர் முன்பு வாங்கிய விலையைச் சொல்லிப் பேரம் தொடங்காதீர்கள், அது உங்களுக்குத்தான் நட்டம்.

இனி என் வண்டியின் எல்லையையும் சொல்ல வேண்டும். சித்தப்பா மகனின் கரிசலில் ஒரு நாள் அதைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். மழை பெய்து பதமாக இருந்த இடத்தில் ரோட்டவேட்டர் நன்றாகவே போயிற்று. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த மேட்டுப் பகுதியில் ஆழத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அவனுடைய ஜிவோ அதே மேட்டில் மெதுவாக, ஆனால் நிற்காமல் போயிற்று. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போதும் கனமான வண்டிக்குத்தான் பிடிமானம் அதிகம். பதிலுக்கு அவன் என் நஞ்சையில் ஜிவோவை இறக்க ஒப்புக்கொள்ளவில்லை, வரப்பில் நின்று தொளியைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு உன் வண்டியே ஓடட்டும் என்றான். தூக்கும் திறன் இரண்டுக்குமே 750 கிலோதான் என்பதால் அதில் பேச்சே எழவில்லை. ரோட்டவேட்டர் வேலையில் மண்ணைப் பொறுத்து மணிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் டீசல் போகிறது.

விலை பேசி முடிந்த பிறகு கூடுதலாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். முன்புற எடைக்கட்டிகள் கேட்டேன். அவை கையிருப்பில் இல்லையென்று, வெயிலுக்கு நல்லது எனச் சொல்லி ஒரு மேற்கூரையைப் பூட்டி அனுப்பினார்கள். வாழைக்குள் முதல் சாலிலேயே அது நான்கு இலைகளைக் கிழித்தது. அன்று மாலையே கழற்றிவிட்டேன், இப்போது தொழுவத்தில் கன்றுக்குட்டி அதன் நிழலில் படுத்துக்கொள்கிறது. எடைக்கட்டிகளுக்குப் போட்டுவைத்த ஆர்டர் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.