புது நூலா, பிரித்த ஸ்வெட்டரா?

என் அலுமாரியில் மேல் தட்டு முழுக்க டவுனில் வாங்கிய அக்ரிலிக் நூல், பட்டி கழற்றாமல் அப்படியே. கீழ்த் தட்டில் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்துச் சுற்றிய வூல் உருண்டைகள். இரண்டில் எதில் பின்னலாம் என்று தலவாக்கலையில் இருக்கிற சின்னம்மா மகள் கேட்டாள். அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. போனில் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இது.

விலையை முதலில் முடித்துவிடுவோம். டபிள் நிட்டிங் என்கிற நடுத்தரப் பருமனில் பெரியவர் ஒருவருக்கு ஸ்வெட்டர் பின்ன 400 முதல் 500 கிராம் நூல் வேண்டும். 100 கிராம் அக்ரிலிக் உருண்டை என்றால் நாலைந்து. ஆம்பிளைகள் போடும் பெரிய சைஸ் பழைய ஸ்வெட்டர் ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு நூல் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பிரித்து, கழுவி, காயவைத்துச் சுற்றி முடிக்க ஒரு வாரம் ஓடிவிடும். நுவரெலியா மழைக் காலத்தில் அதற்கும் மேலே. நேரத்துக்குக் கூலி போட்டால் பழசு மலிவே இல்லை. நான் போடுவதில்லை.

பழசில் சிக்கல் கடையிலேயே தொடங்கிவிடும். நுவரெலியா பேல் பஸாரில் குளிர் உடுப்புகள் வரிசையாகத் தொங்கும். முதல் தடவை போனபோது மெரூன் நிற ஸ்வெட்டர் ஒன்று கண்ணில் பட்டது.

“நானா, இது வூல்தானே?”

“அசல் வூல் தங்கச்சி. தொட்டுப் பாருங்களேன்.”

தொட்டேன், மெத்தென்று இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து நூலை இழுத்தால் இரண்டு அடி வருகிறது, அறுகிறது. மறுபடி இரண்டு அடி. அவர் பொய் சொல்லவில்லை, வூல்தான். நான்தான் உள்பக்கத் தையலைப் பார்க்கவில்லை. பின்னிய துணியைக் கத்தரியால் வெட்டி, ஓரம் பிரியாமல் நூல் சுற்றும் ஓவர்லொக் அடித்துத் தைத்தது அது. ஒவ்வொரு வரிசையும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் நீள நூல் எங்கிருந்து வரும்? அந்த மெரூன் இப்போது தலையணைக்குள் இருக்கிறது.

அதனால் நிறத்துக்கு மயங்காமல் ஸ்வெட்டரை உள்புறம் திருப்பி விலாத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் நெருக்கமாக நூல் சுற்றியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு பக்கமும் சின்னச் சடை மாதிரி ஓரம் முழுசாக இருந்து, நடுவில் ஒரு சங்கிலித் தையல் மட்டும் ஓடினால் அதுதான் நமக்கு வேண்டியது. அரிசி மூட்டை வாயைத் தைத்திருப்பார்களே, அதே தையல். சரியான முனையை வெட்டி இழுத்தால் சர்ரென்று முழுவதும் கழன்றுவிடும். அப்புறம் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பிரிக்க வேண்டும். சுடுதண்ணீரில் துவைத்துச் சுருங்கிக் கட்டியானதைத் தொடவே வேண்டாம். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரியாது.

அசல் வூலா என்பதற்கு வீட்டில் ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் போதும். வூல் முடி கருகிய வாடையோடு அணைந்து, சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். (கடைக்குள் தீப்பெட்டியை எடுத்துவிடாதீர்கள்.)

பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். கவிழ்த்த கதிரையின் கால்களில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நேராகும்.

புது நூலில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஒரே நிறம், ஒரே பருமன், அடிக்கடி துவைக்கலாம், சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது. அதில் குறை என்றால் குளிரும் நெருப்பும்தான். வூல் தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் நனைந்த மாதிரித் தெரியாது. அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீதம்தான் வாங்கும். அம்மாயி மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் கொழுந்து பறித்தாள். ‘நனைஞ்சாலும் சூடு போகாது’ என்பாள். அடுப்பங்கரையில் குந்திக் குளிர் காய்கிறவர்களுக்கு அக்ரிலிக் கொடுக்க எனக்குப் பயம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வூல் லேசில் பற்றாது, கருகும்.

ஊசியில் மட்டும் புதுசுக்குத்தான் என் வோட்டு. பங்களாச் சாமான் என்று ஏரோ கம்பனியின் சாம்பல் நிறப் பின்னல் ஊசிகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பார்க்க அழகு, சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த அலுமினியத்தைப் பிடித்தால் விரல் விறைக்கும். மூங்கில் ஊசி அப்படி இல்லை. இன்னொன்று, பழைய இங்கிலீஷ் நம்பர் தலைகீழ்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 14 என்றால் 2. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். இது தெரியாமல் அமெரிக்கப் பின்னல் மாதிரி ஒன்றை என் பழைய 8ஆம் நம்பரில் பின்னினேன். அண்ணனுக்கென்று தொடங்கியதை அவர் மகன் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனான்.

பழசில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, பண்டாரவளையில் கிடைத்த மணி வடிவத் தகடு. ஓரமெல்லாம் நம்பர் போட்ட ஓட்டைகள், ஊசியை நுழைத்து அளவு பார்க்க. கடைக்கார ஐயா அதை இடியப்ப அச்சின் பாகம் என்று நினைத்துச் சில்லறைக் காசுக்குத் தந்தார். நானும் திருத்தவில்லை.

சரி, தங்கச்சிக்கு வருவோம். பிள்ளைக்கு மேல் தட்டு. தினமும் துவைத்துக் காயவேண்டிய உடுப்பு அது, அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கு நல்ல பழுப்பு வூல் ஒன்று பிரித்துக் கழுவிவிட்டேன். கதிரைக் கால்களில் இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் ஈரம். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை.