நூலகத்தில் என்விடிஏ: மென்பொருள் தேறியது, கோப்புகள் தேறவில்லை

பக்கத்து மாவட்டத்தில் நூலகராக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பார்வையற்ற வாசகர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்குகிறோம். நாலு கம்ப்யூட்டர் வாங்கி என்விடிஏ போட்டுவிட்டால் போதும்தானே?" ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். என்விடிஏ என்பது கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள். அது என்ன செய்யும், எப்படி நிறுவுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பலர் மாறி மாறி உட்காரும் கணினியில், தமிழ்ப் புத்தகம் படிக்க அது எவ்வளவு தூரம் உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் தொடங்கிய இந்த மென்பொருள் இன்றும் இலவசம். பென்டிரைவில் எடுத்துப்போகும் பிரதி ஒன்றைக் கருவிகள் மெனுவிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். தனக்குப் பழகிய அமைப்புகளோடு வாசகர் எந்தக் கணினியிலும் உட்காரலாம். இதற்கு மேல் ஒரு பொது நூலகம் என்ன கேட்க முடியும்?

பொதுக் கணினியில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பொது அமைப்புகளில் 'வெளியேறும்போது அமைப்புகளைச் சேமி' என்பது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு மாணவர் வேகத்தை 90க்கு ஏற்றிவிட்டுப் போனால், மதியம் வரும் பெரியவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. கணினி கெட்டுவிட்டது என்று எழுந்து போய்விடுவார். அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். மிதமான வேகம், தமிழ்க் குரல் என்று ஒருமுறை அமைத்து, என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) கன்ட்ரோல், சி அழுத்திச் சேமியுங்கள். பிறகு யார் எதை மாற்றினாலும் என்விடிஏ, கன்ட்ரோல், ஆர் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த இரண்டு விசைச் சேர்க்கைகளையும் பிரிவில் இருக்கும் ஊழியர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

குரலைப் பொறுத்தவரை, என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள் தமிழ் பேசும். இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சிதையாது. தேர்வுக்குப் படிப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கதை படிக்க வருகிறவர்களுக்கு விண்டோஸில் கிடைக்கும் 'வள்ளுவர்' குரல் இதமாக இருக்கும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை நிறுவினால்தான் அது பட்டியலில் வரும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். அது என்விடிஏ மீது இல்லை, நம் தமிழ்க் கோப்புகள் மீது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடை 2010இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இன்னமும் பதிப்பகங்களிலிருந்து வரும் கோப்புகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள்தான். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக இருக்கிறது. கண்ணுக்கு அம்மா, காதுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பை. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதை யூனிகோடாக்கும். ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே கொடுத்தால், இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். வேர்டின் தேடலில் எழுத்துரு பெயரைக் கொடுத்து, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

சரி, யூனிகோடில் செய்த பிடிஎஃப் வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. பல பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணில் தெரியும் வரிசையில்தான் உள்ளே இருக்கும். 'கொடுத்தான்' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் அடுத்து, பிறகு கால். திரைவாசிப்பான் முதலில் அநாதையாக ஒரு கொம்பைக் கண்டு தடுமாறும், பிறகு 'கா' என்று சொல்லும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வரும் ஒவ்வொரு சொல்லும் இப்படியே. 'கு', 'து', 'மு' போன்றவை எழுத்துருவில் ஒரே வடிவமாக இருப்பதால் சில கோப்புகளில் அவை காணாமலே போகும். இத்தனைக்கும் திரையில் அச்சு அழகாக இருக்கும். பார்க்கிறவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. நண்பருக்கு ஒன்று சொல்வேன்: பதிப்பாளரிடம் பிடிஎஃப் கேட்காதீர்கள், பக்க வடிவமைப்புக்கு முந்தைய வேர்டு கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் கேளுங்கள்.

கோப்பே கிடைக்காத புத்தகங்களை ஸ்கேன் செய்துதான் ஆக வேண்டும். படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றுவது எழுத்துணரி. என்விடிஏவிலிருந்து அழைக்கும் விண்டோஸ் எழுத்துணரியில் தமிழ் இல்லை. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, விரித்த இரு பக்கங்களைத் தனித்தனியாக வெட்டி, சிறு சிறு கோப்புகளாகக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறப்பது எளிய வழி. ஒவ்வொரு கோப்பும் 2 எம்பிக்குள் இருக்கட்டும். இணையம் இல்லாத இடத்தில் டெசராக்ட் என்ற எழுத்துணரி உண்டு. புத்தகம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பழைய வடிவ ணா, றா, னா, லை, ளை, னை எல்லாம் வேறு எழுத்துகளாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் என்விடிஏ எதிர்பாராத ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது. மெய்ப்புப் பார்க்க அதைவிடச் சிறந்த கருவி தமிழில் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். எழுத்துணரி அதிகம் குழம்புவது காலுக்கும் ரகரத்துக்கும் இடையே. 'காரம்' என்பது 'கரரம்' என்று வந்திருந்தால் கண் தாண்டிப் போய்விடும், காதில் அது உடனே இடறும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் உட்கார்ந்திருப்பதை எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்க்க முடியாது. குரல் 'கெ ள ர வ ம்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பார்வையற்ற ஒருவர் என்விடிஏவோடு உட்கார்ந்து பார்த்த மெய்ப்பு, பார்வையுள்ளவர் பார்த்ததைவிடச் சுத்தமாக இருக்கும். நகர, னகரக் குழப்பம் மட்டும் ஒலியில் பிடிபடாது, அதற்குக் கண் வேண்டும். இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள், இருவருக்கும் ஊதியம் கொடுங்கள்.

திருத்திய கோப்பில் அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்புப் பாணியைக் கட்டாயம் கொடுங்கள். வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் ஹெச் விசையால் தாவ முடியாது. அச்சுப் பக்கம் மாறும் இடத்தில் 'பக்கம் 45' என்று தனி வரி போடுங்கள். ஆய்வு மாணவர்கள் மேற்கோளுக்குப் பக்க எண் கேட்பார்கள்.

கை அசைவு குறைந்த வாசகர்கள் விஷயத்தில் என்விடிஏ பின்தங்குகிறது. பெரும்பாலானவை இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டளைகள். விண்டோஸின் ஒட்டும் விசை வசதி ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசைகளைத்தான் பிடித்து வைக்கும், இன்சர்ட்டைப் பிடிக்காது. உள்ளீட்டுச் சைகைகள் பகுதிக்குப் போய், 'எல்லாவற்றையும் படி' என்ற கட்டளைக்கு மேல்வரிசை விசைகளில் ஒன்றைத் தனியாகக் கொடுத்துவிட்டால் ஒற்றை விரலால் படிக்கலாம். நிறுத்த கன்ட்ரோல் ஒன்றே போதும். இதை நூலகமே முன்கூட்டிச் செய்து வைக்க வேண்டும். வாசகர் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது சரியல்ல.

பதிப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமின்றிச் செயல்படும் அமைப்புகள் படிக்கத்தக்க வடிவத்துக்கு நூலை மாற்றிக் கொடுக்கலாம். அந்த வாசகர்களுக்கு மட்டுமே போக வேண்டும், வெளிச்சந்தைக்குக் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செலவுத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. உறுப்பினர் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். ஸ்கேன் செய்யத் தொடங்கும் முன் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என்விடிஏவுக்கு மதிப்பெண் கேட்டால் முழுசாகக் கொடுப்பேன். ஆனாலும் நண்பரே, நாலு கணினி வாங்காதீர்கள். ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கேனர் ஒன்று, மெய்ப்புப் பார்க்க இரண்டு பேருக்கு ஓராண்டுச் சம்பளம். உங்கள் வாசகர்கள் அதிகம் கேட்கும் ஐம்பது தமிழ்ப் புத்தகங்களைச் சுத்தமான யூனிகோடில் தயார் செய்துவிட்டு, அப்புறம் பிரிவைத் திறங்கள்.