பெயரைப் பார்ப்பதா, நடத்தையைப் பார்ப்பதா: டோரென்ட் நிரல்களின் பொருந்தாமை வழுக்கள்

பயனர்கள் கோப்புகளைத் தங்களுக்குள்ளேயே துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்வதற்காகப் பிராம் கோஹென் 2001-இல் வெளியிட்ட பிட்டோரென்ட் நெறிமுறையைப் பேசும் நிரல்கள் இன்று ஏராளம். எல்லாம் ஒரே மொழியைப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொன்றின் பேச்சிலும் அதற்கே உரிய கொச்சை உண்டு. சிறிய டோரென்ட் கிளையன்ட் ஒன்றைப் பராமரித்துவரும் எனக்கு, எதிர்முனையின் வழுவைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எதிரே இருப்பது எந்த நிரல் என்று கண்டுபிடித்து அதற்கெனத் தனி விதி எழுதுவது. மற்றொன்று, பெயரைப் பொருட்படுத்தாமல், அது அறிவிக்கும் வசதிகளையும் அனுப்பும் செய்திகளையும் மட்டும் வைத்து முடிவெடுப்பது. முதல் வழியில் தொடங்கிய நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

பெயர் வழியின் கவர்ச்சி அதன் வேகம்தான். இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் பரிமாறும் அறிமுகச் செய்தியான ஹேண்ட்ஷேக்கின் 68 பைட்டுகளில் கடைசி 20 பைட்டுகள் பியர் ஐடி, அதாவது எதிர்முனையின் (பியரின்) அடையாளம். பெரும்பாலான நிரல்கள் அதன் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகளில் தம் பெயரையும் நான்கு குறிகளில் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுகின்றன. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் அன்றைய புகார் அன்றே தீர்ந்துவிடும்.

சிக்கல் பராமரிப்பில்தான் வருகிறது. கூடுதல் வசதிகளுக்கான நீட்டிப்பு ஹேண்ட்ஷேக்கில் ஒவ்வொரு பியரும் தான் ஏற்கும் செய்தி வகைகளுக்குத் தானே எண் கொடுக்கிறது. அனுப்புபவர் பெறுபவரின் எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ஒரு நிரல் தன் எண்ணையே எங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பியர் பரிமாற்றத்திற்கு (தெரிந்த பிற பியர்களின் முகவரிகளைப் பகிர்வதற்கு) நாங்கள் கொடுத்த எண் 1, மெட்டாடேட்டாவுக்கு (டோரென்ட் கோப்பின் விவரப் பகுதியைப் பகிர்வதற்கு) 2; அந்த நிரலிலோ பியர் பரிமாற்றத்தின் எண் 2. ஆகவே அது அனுப்பிய பியர் பட்டியலை நாங்கள் மெட்டாடேட்டா செய்தியாகப் படித்துத் தடுமாறினோம். அந்தப் பெயரைக் கண்டால் எண்களை அதன் கணக்கிலேயே படிக்கும்படி அட்டவணையில் ஒரு வரி எழுதினேன். சில மாதங்களில் அவர்கள் வழுவைத் திருத்திவிட்டார்கள். அன்றிலிருந்து என் வரியே வழுவாகி, சரியாக வந்த செய்திகளைத் தவறாகப் படித்தது. பதிப்பு எண்ணுக்கு வரம்பு வைத்தும் பார்த்தேன். சோதனைப் பதிப்புகளும் கிளை நிரல்களும் பழைய எண்ணையே சுமந்து வந்ததால் அதுவும் முழுமையாக உதவவில்லை.

பெயரும் நம்பத்தக்கதன்று. பியர்களை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தும் சேவையகமான டிராக்கரின் அனுமதிப் பட்டியலைத் தாண்டுவதற்காக வேறு நிரலின் பெயரைச் சூடிக்கொள்பவை உண்டு. இன்னொரு வேடிக்கை: ஆர்வித் நோர்பர்க்கின் லிப்டோரென்ட் நூலகத்திற்கான குறி பெரிய எழுத்தில் எல்டி (LT), ஆர்டோரென்ட் பயன்படுத்தும், அதே பெயர் கொண்ட வேறொரு நூலகத்தின் குறி சிறிய எழுத்தில் எல்டி (lt). எழுத்தின் அளவைப் பாராமல் ஒப்பிட்ட என் நிரல், ஒன்றின் குறைக்கு மற்றொன்றைத் தண்டித்துக்கொண்டிருந்தது.

நடத்தை வழியில், மெட்டாடேட்டா என்ற எண்ணில் வரும் செய்திக்குள் அதற்குரிய வகைக் குறியீடு இல்லையென்றால் அதை வீசிவிடுகிறேன். மூன்று முறை நேர்ந்தால் அந்த இணைப்பில் அந்த வசதியை மட்டும் நிறுத்துகிறேன். எதிர்முனை திருந்தினால் என் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைத் தாங்கும் என்பதையும் பெயரை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை; நீட்டிப்பு ஹேண்ட்ஷேக்கிலேயே அதை அறிவிக்க இடம் இருக்கிறது. விலை என்னவென்றால், வழுவுள்ள நிரலிடமிருந்து கிடைக்கக்கூடிய சில பியர் முகவரிகளை இழக்கிறோம். டிராக்கரும், டிராக்கர் இல்லாமலே பியர்களைத் தேட உதவும் டிஹெச்டியும் இருக்கும்போது அது பெரிய இழப்பாக எனக்குப் படவில்லை.

பகிரப்படும் கோப்புகளின் விவரங்களை அகராதி வடிவில் வைத்திருக்கும் டோரென்ட் கோப்பின் விஷயத்தில் மட்டும் இரு வழிகளுக்கும் இடமில்லை. அகராதியின் சாவிகள் வரிசை தவறியிருந்தால் கோப்பை நிராகரிக்க வேண்டும், அல்லது அதன் விவரப் பகுதியான இன்ஃபோவின் மூல பைட்டுகளிலேயே ஹேஷை, அதாவது அந்த டோரென்ட்டை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியை, கணக்கிட வேண்டும். பிரித்து, ஒழுங்காக்கி, மீண்டும் கோத்தால் வேறு ஹேஷ் பிறந்து, அதே டோரென்ட்டைப் பகிரும் பியர்களை விட்டு விலகி, நாம் யாருமற்ற கூட்டத்தில் போய் நிற்போம்.

இரண்டாம் பதிப்பு நெறிமுறையும் பழையதும் கலந்த டோரென்ட்களில் என் அனுபவம் சில வாரங்களே என்பதால், அங்கும் இந்த வழி இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று உறுதி கூறமாட்டேன். ஹேண்ட்ஷேக்கைக் கண்டவுடனே இணைப்பைத் துண்டித்துவிடும் நிரல்களிடம் கவனிப்பதற்கு நடத்தையே இல்லை. அவற்றுக்காக, கூடுதல் வசதிகளின் பிட்டுகளை அணைத்துவிட்டு மறுமுறை முயல்கிறேன். அதற்கும் மசியாத இரண்டு நிரல்களின் பெயர்கள் மட்டும், நீக்க வேண்டிய தேதியைக் குறித்துவைத்தபடி, பழைய அட்டவணையில் இன்னும் இருக்கின்றன.